கோணல் கத்தரிக்காயும் ஒரு சூப்பர்சார்ஜரும்

சூட்கேஸ் திறந்ததும் லூர்துபிரகாஷுக்கு முதலில் தோன்றியது, ஓடிவிடலாம் என்பதுதான்.

சென்ட் பாட்டில் இல்லை, சாக்லேட் இல்லை. டவலில் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி படுத்திருந்தது ஒரு அலுமினிய உருப்படி.

"சூப்பர்சார்ஜர்" என்றார் ழான்-மரி. பாரீஸ் போய்விட்டு வந்து இறங்கியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் லூர்துபிரகாஷின் முத்தியால்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். "மாட்டு மச்சான்."

"எதுல?"

"நம்ம பெஜோவுல."

ழான்-மரி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பிறகு லூர்துபிரகாஷின் தங்கை ஏலேனைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய், பென்ஷனோடு திரும்பியவர். அவருடைய பெஜோ 504 பழைய இன்ஜெக்‌ஷன் மாடல். கார்பரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஒரு இரும்பு பம்ப் பெட்ரோலை அளந்து அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சும்.

வருகிற சனிக்கிழமை ழான்-மரியின் மகள் மெரின் கல்யாணப் பெண்ணாக மிஷன் வீதியிலிருக்கும் மாதா கோவிலான சம்பா கோவில் வாசலில் போய் இறங்கவேண்டியது அந்தக் காரில்தான். ஓட்டப்போவது தாய்மாமன் லூர்துபிரகாஷ். வாக்குக் கொடுத்தாயிற்று. சொந்தபந்தம் பூராவும் தெரியும்.

"இப்ப எதுக்குய்யா இது?"

"ஈ.சி.ஆர்.ல ஒரு பால் வண்டி நம்மள ஓவர்டேக் பண்ணுச்சு. டிரைவர் சிரிச்சான். நான் பார்த்தேன்."

"கல்யாணத்தன்னிக்கு மிஷன் வீதியில சாமியார் சைக்கிளே நம்மள ஓவர்டேக் பண்ணும். அதுக்கு என்னா மாட்டலாம், சொல்லு."

ழான்-மரி சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

லூர்துபிரகாஷ் பொறுமையை இழுத்துப் பிடித்தார். "இது காத்தை அடைச்சு அடைச்சு உள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். கூடலைன்னா பிஸ்டன் மெழுகுவர்த்தியா உருகிடும். ஆனா நம்ம பம்புக்குக் கண்ணு கிடையாது. ஆக்ஸிலேட்டரை எவ்ளோ மிதிக்கிற, எஞ்சின் என்ன வேகத்துல சுத்துது, அது ரெண்டுதான் அதுக்குத் தெரியும். காத்து கூடினது தெரியாது."

"லேப்டாப்ல மேப்பை மாத்திடு. யூடியூப்ல காட்டறான்."

"லேப்டாப்பை எங்க சொருகறது? சைலன்ஸர்லயா?"

பம்பைப் பிரித்து உள்ளிருந்து கேம் என்கிற ஒரு இரும்பை எடுத்து மச்சானின் மூக்குக்கு நேரே நீட்டினார். கத்தரிக்காய் அளவு. கத்தரிக்காய் மாதிரியே ஒரு பக்கம் உப்பல், ஒரு பக்கம் சப்பை.

"இதான் உன் மேப்பு. எந்த வேகத்துக்கு எவ்ளோ பெட்ரோல்னு இந்தக் கோணல்லதான் இருக்கு. போதுமா?"

"ம்" என்றார் ழான்-மரி. ரொம்ப சாதுவாக.

அந்த 'ம்'மை நம்பியதுதான் தப்பு. பம்புக்கு சீல் வாங்க லூர்துபிரகாஷ் சாரம் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வந்தார். வந்தபோது பெஞ்ச் வைஸில் கத்தரிக்காய் இறுகியிருந்தது. அரத்தோடு நின்றுகொண்டிருந்தார் ழான்-மரி. கீழே பளபளவென்று இரும்புத் தூள்.

லூர்துபிரகாஷின் கையிலிருந்த சீல் விழுந்தது.

"நீதானே மச்சான் சொன்ன? காத்து கூடினா பெட்ரோல் கூடணும்னு. கூட்டிட்டேன். ஒரு வேகத்துக்கு நிறைய, ஒரு வேகத்துக்குக் கம்மின்னு இருந்துச்சு. அது என்னா பாரபட்சம்? எல்லாத்துக்கும் சமமா ராவிட்டேன். எகாலித்தே! சமத்துவம்!"

"யோவ், அது குடியரசு இல்லய்யா! கேம்!"

திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தார்கள். சைலன்ஸரிலிருந்து கரும்புகை ஒரு யானை போலக் கிளம்பி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு கன்னியம்மாள் காயப்போட்டிருந்த வெள்ளைப் புடவைமேல் போய் உட்கார்ந்தது.

"நாசமா போறவனுங்களா!" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. நியாயமான குரல்.

லூர்துபிரகாஷ் பம்பின் ஸ்க்ரூவை இந்தப் பக்கம் திருப்பினார், எஞ்சின் அணைந்தது. அந்தப் பக்கம் திருப்பினார், யானை திரும்ப வந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். வேறு கேம் எவரிடமும் இல்லை. பிரான்ஸிலிருந்து வரவழைக்கலாம், அதற்குள் மெரினுக்குத் தலைப்பிரசவமே ஆகிவிடும்.

வாடகைக்கு ஒரு கார் பிடிக்கலாம்தான். 'மெக்கானிக் தாய்மாமன், பொண்ணு மட்டும் வாடகை வண்டியில' என்று சனிக்கிழமை பிரியாணிப் பந்தியில் பேசுவார்கள். அடுத்த கல்யாணத்திலும் பேசுவார்கள். அதைவிட, மெரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

தலையில் கைவைத்து உட்கார்ந்தவரின் கண் மெல்ல மெல்ல மூலைக்குப் போனது. சூட்கேஸ்.

பெட்ரோல் அதிகம். எரிக்கக் காற்று போதவில்லை. காற்றை அடைத்துத் தள்ள என்ன இருக்கிறது?

"மச்சான்," என்றார் பல்லைக் கடித்தபடி. "அந்தச் சனியனை எடு."

ழான்-மரியின் முகத்தில் உதித்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டார்.

உழவர்கரை லேத்தில் பிராக்கெட் கடைந்து, பெல்ட் மாட்டி, பைப் இழுத்து முடிப்பதற்குள் வாரம் ஓடிவிட்டது. நடுவில் ஒருமுறை ஏலேன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வர்றீங்களா, இல்ல இதோடயே குடும்பம் நடத்தப்போறீங்களா?"

வெள்ளிக்கிழமை ஈ.சி.ஆர்.இல் சோதனை ஓட்டம். அழுத்தி மிதித்ததும் கார் 'ஙொய்ய்ங்' என்று அலறிக்கொண்டு பாய்ந்தது. புகை? பொட்டுகூட இல்லை.

"பால் வண்டி எங்கடா?" என்று ழான்-மரி ஜன்னலுக்கு வெளியே கத்தினார்.

காலைத் தளர்த்தினார் லூர்துபிரகாஷ். வேகம் குறைந்தது, உள்ளே தள்ளப்பட்ட காற்றும் குறைந்தது. கண்ணாடியில் யானை எழுந்தது.

"மச்சான், கல்யாண கார் எப்படிப் போகும்?"

ழான்-மரி யோசித்தார். "மெதுவாத்தான்."

லூர்துபிரகாஷ் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

சனிக்கிழமை காலை. கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே லூர்துபிரகாஷ் ஓட்டினார். பின்சீட்டில் மெரின், வெள்ளை கவுன் பொங்கி ஜன்னல்வரை நிரம்பியிருந்தது. பெரிய ரோட்டில் விரட்டி விரட்டி வந்துவிட்டார். மிஷன் வீதி திரும்பியதும் எல்லாம் நின்றது. முன்னால் பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி. பின்னால் ஹாரன். அதற்கும் பின்னால் இருமல். புகை சுழன்று ஜன்னல் பக்கம் வந்தது.

தோற்றாயிற்று.

"நீ இறங்கி ஆட்டோ புடிச்சுக்கம்மா" என்றார். "கவுன் கருத்துடும்."

மெரின் இறங்கவில்லை. "மாமா, இது எப்பதான் ஒழுங்கா ஓடும்?"

"எஞ்சின்மேல பாரம் இருக்கணும். நல்லா மிதிக்கணும்."

"வேகமா போகணும்னு இல்லையே?"

"இல்..." லூர்துபிரகாஷ் நிறுத்தினார்.

"அப்போ ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. போட்டுக்கிட்டே மிதிங்க."

ஹேண்ட் பிரேக்கோடு வண்டி ஓட்டியதற்காக எத்தனை கஸ்டமர்களைத் திட்டியிருப்பார்! கண்ணை ஒருதரம் மூடித் திறந்து, லிவரை இழுத்தார். ஃபர்ஸ்ட் கியர். மிதித்தார்.

கார் கர்ஜித்தது. சூப்பர்சார்ஜர் ஓலமிட்டது. புகை கறுப்பிலிருந்து சாம்பலாகி, பிறகு காணாமலே போனது. ஆமை வேகத்தில், சிங்கத்தின் சத்தத்தோடு, மிஷன் வீதியில் பெஜோ நகர்ந்தது. தள்ளுவண்டிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார். பஸ்கூட ஓரம் கட்டியது.

கோவில் வாசல். பின்சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை. மெரின் இறங்கினாள். கவுனில் ஒரு புள்ளி கரி இல்லை.

"தேங்க்ஸ் மாமா" என்று கன்னத்தில் முத்தம் வைத்தாள். லூர்துபிரகாஷுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

படியில் நின்ற ழான்-மரியும் அழுதுகொண்டிருந்தார். "கேட்டியா ஏலேன் அந்தச் சத்தத்தை!"

ஏலேன் கிள்ளினாள். அவர் பொண்ணின் கையைப் பிடிக்க இறங்கி வந்தார். வந்தவர் போகிற போக்கில் குனிந்து பின்சக்கரத்தைத் தொட்டு, சுட்ட விரலை உதறினார்.

"பிரேக் வீக்கா இருக்கே மச்சான். பாரீஸ்ல நல்ல டிஸ்க் செட் ஒண்ணு பார்த்தேன். சூட்கேஸ்ல கச்சிதமா..."

லூர்துபிரகாஷ் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"ஏலேன், பூசை முடிஞ்சதும் மொத வேலை. அந்தச் சூட்கேஸைப் பூட்டி, சாவியை எங்கிட்ட குடு."