உள்ளேயா, வெளியேயா: ஒரு ஈக்வலைசர் வாங்கிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது என் மூளையில் உதித்த கதை இல்லை. கார் ஸ்டீரியோ கடையில் என் வண்டி வேலைக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. விழுந்தது என்ன, ஒட்டுத்தான் கேட்டேன்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘இசை என்பது மனித மனத்தின்—’

வேண்டாம். அடுத்தது: ‘வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில்—’ அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆகவே நேரே விஷயத்துக்கு. டிரைவிங் ஸ்கூல் டீச்சர் ஒருவர் தன் சொந்தக் காருக்கு ஈக்வலைசர்* வாங்க வந்தார். கூடவே கணவர். நூலகர். சத்தம் போடாதே என்று ஊருக்கே சொல்லிச் சொல்லித் தன் குரலையும் பாதியாக்கிக்கொண்ட மனிதர்.

(* பாட்டில் கனத்த ஒலி, கீச்சென்ற மெல்லிய ஒலி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி. தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.)

2

“பாட்டுல வார்த்தையே புரியல. கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு” என்றார் டீச்சர்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். “இந்த ஸ்டீரியோவுல ஈக்வலைசர் உள்ளேயே இருக்கு மேடம். தனி ஒயர் கிடையாது, இடம் அடைக்காது. ஆனா கூட்டணும் குறைக்கணும்னா திரையைப் பார்த்து மெனு மெனுவா போகணும். இது தனிப் பெட்டி. ஏழு குமிழ். பார்க்காமலே திருகலாம். ஆனா ஒயர் வேலை ஜாஸ்தி. எர்த் ஒயர் சரியா கொடுக்கலன்னா ஸ்பீக்கர்ல இஞ்சின் சத்தமும் கூடச் சேர்ந்து பாடும்.”

டீச்சருக்கு இருதலைக்கொள்ளி நிலை. ஓட்டும்போது திரையைப் பார்த்த எத்தனை பேரை அவர் வறுத்தெடுத்திருக்கிறார்! தனிப் பெட்டியோ, டாஷ்போர்டுக்குக் கீழே முழங்காலில் இடிக்கும். (அவர் நல்ல உயரம்.)

“ரெண்டையும் போட்டுக் காட்டுங்க.”

3

இந்த இடத்தில் நூலகரை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். சண்டை இருந்தால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அவர் பின் சீட்டில் சமர்த்தாக உட்கார்ந்து, பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எழுதியதை அடித்துவிட்டேன்.

டீச்சர் ஸ்டியரிங் முன்னால். பக்கத்தில் கடைக்காரர். இறக்கிய கண்ணாடிக்கு வெளியே நான். முதலில் ஸ்டீரியோ, பிறகு தனிப் பெட்டி.

“மெல்லிய சத்தத்தை இன்னும் கூட்டுங்க.”

கூட்டினார்.

“இன்னும்.”

“போதும்மா, காது கூசுது” என்றார் நூலகர். டீச்சர் திரும்பவே இல்லை.

குமிழ் கடைசிவரை போய் நின்றது. “இப்பத்தான் தெளிவா இருக்கு!” என்று டீச்சர் மலர்ந்தபோது, பின்னால் நூலகர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பெட்டி ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“என் காதா? வண்டி எந்த கியர்ல ஓடுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்!”

“அது கனத்த சத்தம், கேக்கும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான். மெல்லிசா இருக்கறதுதான் முதல்ல போச்சு.”

4

டீச்சர் கடைசிவரை போன குமிழைத் தானே பழைய இடத்துக்குத் திருகினார். (என்ன நினைத்தார் என்று அரைப்பக்கம் எழுதினேன். எல்லாம் என் கற்பனை. கிழித்துவிட்டேன்.) பிறகு மெதுவாகச் சொன்னார்: “போன வாரம் வண்டி கத்துக்கற ஒரு பொண்ணு ஏதோ கேட்டா. சரியா காதுல விழல, சும்மா தலையாட்டிட்டேன். ஒருவழிப் பாதையில நேரா எதிர்ல விட்டுட்டா. அவளைத்தான் திட்டினேன். அழுதுட்டா.”

நூலகர் முன்னால் குனிந்தார். அன்று முதல்முறையாகச் சத்தமாகப் பேசினார்.

“அப்ப உனக்கு எம்மேல கோவம் இல்லையா?”

“என்ன கோவம்?”

“கார்ல நான் எது சொன்னாலும் நீ பதிலே சொல்றதில்ல. ரெண்டு வருஷமா. கோவம்னு நினைச்சு நானும் பேசறதை விட்டுட்டேன்.”

“அட மனுஷா! நீங்க உம்முனு வர்றீங்களேன்னுதான் நான் பாட்டே போட ஆரம்பிச்சேன்.”

இந்த இடத்தில் டீச்சரை அழவைத்தால் நன்றாயிருக்கும். ஆனால் அவர் சிரித்தார். கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

5

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் அங்கேயே போனை எடுத்து, காது டாக்டரிடம் மறுநாளுக்கு நேரம் வாங்கினார். அடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “தப்பு என்னோடதும்மா. நாளைக்கு வேற டீச்சர் வருவாங்க. என் காதைப் பார்த்துட்டு அப்புறம் நான் வர்றேன்.”

ஈக்வலைசர்? மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே உள்ளதை வாங்கினார்கள், ஆளுக்கு ஒரு அமைப்பைப் பதிந்துகொள்ள. வெளியே உள்ளதை வாங்கினார்கள், ஆளுக்கொரு பக்கம் குமிழைத் திருகிச் சண்டை போட. எதையும் வாங்காமல்—

எதுவும் ஒட்டவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: நூலகர் பின் சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அவர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். டீச்சர் அவர் வாயையே பார்த்தபடி தலையாட்டுகிறார். இரண்டு வருஷத்துப் பாக்கி.

கடைக்காரர் வெளியே இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு நின்றார். கதவைத் தட்ட மனம் வராமல் என்னைப் பார்த்தார்.

“ஏன் சார், ரெண்டுல எதைப் பொருத்தட்டும்?”

எனக்கென்ன தெரியும்? நீங்களாவது சொல்லுங்கள். பாவம், அவருக்குக் கை வலிக்கிறது.