இடக்கை மூலக்கூறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் கல்யாணமான புதிதிலிருந்தே சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த மாதம் எனக்கு வந்த கோபத்தை என் சுபாவத்தின் கணக்கில் எழுத முடியாது. அதை இன்னொருவர் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

என் வேலைக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. கணக்கீட்டு உயிரியற்பியல். இதைச் சொன்னால் பாதிப் பேர் என்னை டாக்டர் என்று நினைத்து முட்டிவலியைப் பற்றி ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். என் நாத்தனார் இரண்டாவது கட்சி. "அண்ணி, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிட்டே இருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்று போன் செய்வாள். நானும் போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

உண்மையில் நான் மருந்து தேடுகிறேன். உடம்பிலுள்ள புரதங்கள் ஒரு இடத்தில் சும்மா கிடப்பதில்லை. நெளியும், சுருங்கும், விரியும். அவற்றின் ஒவ்வொரு அணுவும் எந்தப் பக்கம் அசையும் என்று கணினியில் கணக்குப் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பேன். எங்காவது ஒரு பள்ளம் தெரிந்தால் அதில் போய் உட்காரக்கூடிய மூலக்கூறு எது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். அதைக் குடுவையில் செய்வது வேதியியல் பிரிவு. அது நிஜமாகவே உட்காருகிறதா என்று பார்ப்பது அளவைக்கூடம். மூன்று பேரில் ஒருவர் ஏமாற்றினாலும் மற்ற இரண்டு பேரின் உழைப்பும் குப்பைக்குத்தான் போகும்.

எங்கள் புரதம் ஒரு நரம்பு நோயின் புரதம். முதலில் விரல்கள் சொன்ன பேச்சு கேட்காது, பிறகு கை, பிறகு கால். நிறுவனத்தில் ஒருமுறை நோயாளிகள் சிலரை அழைத்து எங்களோடு பேச வைத்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். சாக்பீஸைப் பிடிக்க முடியாததால் வேலையை விட்டவர். கடுமையாக எதுவும் பேசவில்லை. "எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க, நாங்க காத்திருப்போம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு காப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.

அந்தப் புரதத்தில் பள்ளமே கிடையாது என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். படிகமாக்கி எடுத்த படங்களில் வழவழவென்றுதான் இருக்கும். நான் அதை நெடுநேரம் ஓடவிட்டபோது, எப்போதாவது ஒருமுறை அதன் ஒரு மூலை கொட்டாவி விடுவதுபோலத் திறந்து மூடியது. அந்த வாய்க்குப் பொருந்துகிற ஒரு மூலக்கூறை வடிவமைப்பதற்குள் என் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்துவிட்டது. வரைந்து வேதியியல் பிரிவிடம் கொடுத்தேன்.

வேதியியல் பிரிவின் தலைவரை நாங்கள் மாப்பிள்ளை என்போம். ஆய்வுக்கூடத்துக்கும் பெண் பார்க்க வருகிறவர்போல மடிப்புக் கலையாத சட்டையில் வருவார், சென்ட் வாசனை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். என் வரைபடத்தைப் பார்த்து, "செஞ்சுடலாம் மேடம், ஜுஜுபி" என்றார்.

அந்தக் கூட்டம் நீளமேசை அறையில் நடந்தது. நிர்வாக இயக்குநரான பெரியவர் மேசையின் தலைப்பக்கம், காகிதக் கோப்பையில் டீயோடு. மாப்பிள்ளை எழுந்து திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். மூலக்கூறு புரதத்தில் ஒட்டியிருந்தால் கோடு மேலே ஏறியிருக்க வேண்டும். அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"கம்ப்யூட்டரம்மா சொன்ன மூலக்கூறு சார் இது. செஞ்சு பாத்துட்டோம். ஒட்டவே இல்ல. அந்த வாய், கொட்டாவி எல்லாம் திரையில மட்டும்தான் போல" என்றார். மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். மாத முடிவில் திட்டத்தை மூடிவிடலாம் என்று பெரியவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். கணக்கு தப்பென்றால் தப்புதானே.

அந்தத் தப்பைத் தேடித்தான் உட்கார்ந்தேன். கணினிக்கு நான் கொடுத்திருந்த ஒவ்வொரு விதியையும் பிரித்துப் பார்த்தேன். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே வேறெங்கோ பார்ப்பேன். "தட்டு காலி, இன்னும் என்னத்த பிசையுற?" என்பார் கணவர். ஒரு பிழையும் அகப்படவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பத்தைப் போட்டுப் பார்த்தேன். பல மூலக்கூறுகள் நம் கைகள் மாதிரி. வலக்கை, இடக்கை என்று இரண்டு வடிவம் இருக்கும். எடை ஒன்று, அணுக்கள் அதே அணுக்கள். ஆனால் வலது காலுக்கு இடது செருப்பு சேராது. நான் கேட்டது வலக்கை. இடக்கையைப் போட்டதும் அது வாயின் சுவரில் முட்டி வெளியே வந்து விழுந்தது. அவர்கள் காட்டிய கோடு போலவே.

அளவைக்கூடத்துப் பெண் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளிடம் போனேன். "வேதியியல் பிரிவு செஞ்சு அனுப்பின அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

"இருக்குக்கா. திட்டம் முடிஞ்சுதுன்னு கொட்டச் சொன்னாங்க. நான்தான் சோம்பேறித்தனமா இன்னும் கொட்டல."

அந்தச் சோம்பேறித்தனத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம்போல் இருந்தது. பொடியைக் கரைத்து ஒரு குழாயில் ஊற்றி ஒளியைச் செலுத்தினாள். வலக்கை வடிவம் ஒளியை ஒரு பக்கம் திருப்பும், இடக்கை வடிவம் எதிர்ப்பக்கம் திருப்பும். எது எந்தப் பக்கம் என்று நான் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தேன். கருவி எதிர்ப்பக்கத்தைக் காட்டியது.

மாப்பிள்ளையின் கூடத்துக்குப் போனபோது என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். குடுவை கழுவிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"நீங்க செஞ்சது இடக்கை."

மறுப்பார் என்று நினைத்தேன். அவர் காப்பியை உறிஞ்சினார். "ஆமா. வலக்கைக்கு வேண்டிய மூலப்பொருள் கைவசம் இல்ல, வெளியில சொல்லி வரவழைக்கணும். இடக்கைக்கு அலமாரியிலேயே இருந்துச்சு. முதல்ல இத செஞ்சு பாப்போம், லேசா ஒட்டுச்சுன்னா அப்புறம் அத செய்யலாம்னு விட்டோம். எல்லாரும் பண்றதுதான மேடம் இது."

எல்லோரும் செய்வதுதான். எனக்கும் தெரியும். கையில் இருப்பதை வைத்து முதலில் ஒரு நோட்டம் பார்ப்பது இந்தத் தொழிலில் பழக்கம். அதில் குற்றமில்லை.

"அப்புறம் ஏன் கூட்டத்துல என் மூலக்கூறைச் செஞ்சு பாத்துட்டோம்னு சொன்னீங்க?"

"ரெண்டும் சொந்தக்காரங்கதான? ஒண்ணு இவ்வளவு மோசமா இருந்தா இன்னொண்ணு மட்டும் என்ன பெருசா கிழிச்சுடப்போகுது?" என்று சிரித்தார். "எனக்கு ஒரு உள்ளுணர்வு உண்டு மேடம். பல வருஷ அனுபவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வேலை செய்யாததற்குக்கூட இல்லை. ஒரு திட்டத்தையே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டு, கையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற அந்த நிதானம் இருக்கிறதே, அதற்காக.

பெரியவரிடம் போனேன். முழுதும் கேட்டார். நல்ல மனிதர்தான், அதாவது யாரிடமும் கத்தமாட்டார். "மூடப்போறோம்னு எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. இப்ப போய் தப்பான கையைச் சோதிச்சோம்னு சொன்னா ஊர் சிரிக்காதா? இத விடு. கணக்கீட்டுப் பிரிவுக்கு ஒரு தலைவர் வேணும். உன்னைத்தான் நெனச்சு வெச்சிருக்கேன்."

வீட்டில் சொன்னதும் கணவருக்கு முகம் மலர்ந்தது. "தலைவரா? ஏம்மா, இதுக்குத்தான இத்தனை வருஷம் மாடா உழைச்ச?"

"ஏங்க, அது வாயடைக்கக் குடுக்கிற பதவி."

"இருக்கட்டுமே. வாயை மூடிக்கிட்டு உக்காந்தா உனக்கு என்ன கொறஞ்சு போகுது? செத்ததையே தோண்டிக்கிட்டு..."

"அது செத்துச்சான்னு இன்னும் யாருமே பாக்கலைங்க!" என்று கத்தினேன். கரண்டி கைதவறிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மீதும் கோபம்தான். என் நல்லதுக்குச் சொல்கிறார் என்று தெரிந்ததால் இன்னும் அதிகக் கோபம்.

மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். "பதவி வேணாம் சார். வலக்கையைச் செஞ்சு ஒரே ஒரு தடவை சோதிக்கணும். ஒட்டலைன்னா அதே அறையில, அதே ஆளுங்க முன்னாடி எழுந்து நின்னு நான் தப்புன்னு சொல்றேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஒருத்தி வலிய வந்து மூஞ்சியில் கரி பூசிக்கொள்கிறேன் என்றால் யார்தான் தடுப்பார்கள்? சரி என்றார். பதவியைப் பக்கத்துப் பிரிவிலிருந்த ஒருவருக்குக் கொடுத்தார்.

மூலப்பொருள் வந்து சேர்ந்து, மாப்பிள்ளை முனகிக்கொண்டே ஆளை விட்டுச் செய்து அனுப்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொடி வந்ததும் முதல் காரியமாக ஒளியைச் செலுத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். சரியான பக்கம் திரும்பியது. என்னுடைய மூலக்கூறு அப்போதுதான் முதல்தடவையாக உலகத்தில் இருந்தது.

அளவைக்கூடத்துப் பெண் அதைப் புரதத்தின் மேல் ஓடவிட்டாள். இருவரும் திரையைப் பார்த்தோம். கோடு தரையோடு படுத்திருந்தது.

"இன்னொரு தடவை ஓட்டட்டுமாக்கா?"

ஓட்டினாள். அளவைக் கூட்டி ஓட்டினாள். புதுப் புரதத்தை எடுத்து ஓட்டினாள். கோடு அசையவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கணினியைத் திறந்தேன். இந்தத் தடவை தேடுவதற்கு ஒரு பிடி இருந்தது. சரியான கை, சரியான அளவு, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் தப்பு என் பக்கம்தான். அதுவும் அந்த வாய் திறக்கிற இடத்தில்தான். தேடினேன், கிடைத்தது. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று நான் கொடுத்திருந்த விதிகளில் ஒன்று, அந்த மூலையை வேண்டியதைவிடத் தளர்வாக வைத்திருந்தது. நிஜத்தில் அந்த வாய் அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. நாங்கள் எல்லோரும் எல்லாப் புரதங்களுக்கும் அதே விதியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். இடக்கை ஒட்டாது என்றுதான் என் கணக்கும் சொன்னது; அது தோற்றதை வைத்து இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

திட்டத்தை மூடுகிற கூட்டம். அதே நீளமேசை, அதே ஆட்கள். சொன்னபடி எழுந்து நின்றேன்.

"வலக்கை வடிவத்தைச் செஞ்சு அளந்து பாத்தோம். ஒட்டல. என் கணக்கு தப்பு. எங்க தப்புன்னும் கண்டுபிடிச்சிருக்கேன், எல்லாருக்கும் எழுதி அனுப்புறேன்."

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். "இதத்தான மேடம் நான் அன்னைக்கே சொன்னேன்? இதுக்கு எவ்வளவு அலைச்சல்!"

சிரிப்பு கிளம்பியது. பெரியவரும் சிரித்துவிட்டார். நான் உட்காரவில்லை.

"இல்ல சார். அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க."

"சரி, நான் சொன்னது நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சு. அது ஒட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நரம்பு செத்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு அதுதான் மருந்துன்னு வெச்சுக்குங்க. அப்பவும் அலமாரியில இருந்தத எடுத்துச் செஞ்சிருப்பீங்க. இதே கோட்ட காட்டியிருப்பீங்க. இதே மாதிரி சிரிச்சிருப்பீங்க. அந்த மருந்து குப்பையில கிடந்திருக்கும். யாருக்குமே தெரிஞ்சிருக்காது, உங்களுக்கும் சேத்து."

மாப்பிள்ளை சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார். நான் அவரை விடவில்லை.

"இதுக்கு முன்னாடி செஞ்சு பாத்துட்டோம், வேலை செய்யலைன்னு இந்த மேசையில சொன்னீங்களே, அதுல எத்தனைய நிஜமாவே செஞ்சீங்க?"

அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் டீக்கோப்பையைப் பார்த்தார். பதில் சொல்லும்வரை உட்காருவதில்லை என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.