மேட்டுத் தண்ணீர்

சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றைத் திறந்தாகிவிட்டது. ஒன்றில் உப்பு, ஒன்றில் பட்டன்கள், ஒன்றில் எதற்கும் பொருந்தாத பழைய சாவிகள். முன்னறையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பைல்காரர் உட்கார்ந்திருந்தார். சொந்த வீட்டில் இவ்வளவு நேரமா சர்க்கரை தேடுவார்கள் என்று அவர் யோசிப்பதற்குள் டீ போயாக வேண்டும்.

"என்னடி பண்ற உள்ள?" அம்மா கேட்டாள். வீட்டில் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரல்.

"இதோ வந்துட்டேம்மா."

மேட்டிலிருந்த அந்த வீடு சித்தியுடையது; அவர்கள் வீடு பள்ளத்தில். சித்தியும் சித்தப்பாவும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, அதே ஆணியில் அம்மாவும் அப்பாவும் அவளும் நிற்கும் படத்தை மாட்டினார்கள். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி. மெதுவா பேசு. கத்துனா பள்ளத்து ஆளுங்கன்னு தெரிஞ்சுடும்" என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள் சித்தி.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எட்டு மாதமாகத் தற்காலிகம். நிரந்தரமானால் வீட்டில் எல்லாருக்கும் வைத்தியம் இலவசம். அப்பாவின் இருமலை யாராவது காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் நிரந்தர வேலை மேட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். போன மழையில் தரைப்பாலம் மூழ்கிப் பள்ளத்து ஆட்கள் ஒன்பது நாள் வராமல் போனதிலிருந்து அப்படி ஒரு விதி. அம்மா மேட்டில்தான் குடியிருக்கிறாளா என்று பார்த்து எழுதத்தான் பைல்காரர் வந்திருந்தார்.

"குப்பை வண்டி என்னிக்கும்மா வரும்?" பைல்காரர் கேட்டார்.

"திங்களும் வியாழனும் சார்" என்றாள் அம்மா.

"பக்கத்து வீட்டு நாய் கடிக்குமா? வரும்போது மொறைச்சுது."

"அது பேருக்குத்தான் நாய் சார். பிஸ்கட் போட்டா திருடனுக்கும் வாலாட்டும்."

அவர் சிரித்தார். அதுவும் சித்தி சொல்லிக் கொடுத்ததுதான்.

பள்ளம்தான் பழைய ஊர். ஆற்றங்கரையில் ஒரு தோல் பட்டறை வந்து, அது நாற்பதாயிற்று. முதலாளிகளும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். ஆறு நிறம் மாறியதும் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மரம் வைத்த தெருக்கள் எல்லாம் அவர்கள் பின்னாலேயே ஏறின. பட்டறைகள் மட்டும் ஏறவில்லை. பள்ளத்தில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எல்லாருக்கும் தொண்டை பெரிது. மேட்டில் சண்டைகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். மேட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கட்டியபோது அப்பா பத்து மாதம் சிமென்ட் மூட்டை சுமந்தார். அந்தத் தொட்டியிலிருந்து பள்ளத்துக்கும் ஒரு குழாய் இறங்குகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடியற்காலை நாலே காலுக்கு, நாற்பது நிமிடம்.

நாலாவது டப்பாவில் சர்க்கரை இருந்தது. டீக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திருகினாள். தண்ணீர் வேகமாக வந்து பாத்திரத்தின் அடியில் அறைந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கை தன் பாட்டுக்கு அடுத்த பாத்திரத்தைத் தேடியது. பாத்திரம் நிறைந்ததும் குடம், குடம் நிறைந்ததும் வாளி, அப்புறம் கிடைத்ததெல்லாம். நிறைந்தவற்றைத் தரையில் சுவரோரமாக வரிசையாக வைத்து, தட்டுப் போட்டு மூடினாள். காதில் முன்னறைப் பேச்சு, கையில் தண்ணீர். சொம்பு நிறைந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது.

"அடுப்படியையும் பாத்து எழுதணும்" என்றபடி வந்த பைல்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவள் குழாயை மூடினாள். தரையில் பத்துப் பாத்திரங்கள். பதினொன்றாவது அவள் கையில்.

"இன்னிக்குத் தண்ணி நிக்கப் போகுதா?"

"இல்லையே சார்" என்றாள் பின்னால் வந்த அம்மா. அப்புறம்தான் தரையைப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம் எதுக்கு?"

"சும்மா சார். பாத்திரம் அலச. கொட்டிடுவோம்."

"சரி, கொட்டுங்க" என்றார் அவர், சாதாரணமாக. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பைலில் 'எத்தனை வருடமாகக் குடியிருப்பு' என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

அம்மா குனிந்து குடத்தைத் தூக்கினாள். முகம் கழுவிய தண்ணீரில் தரை துடைத்து, அந்தத் தண்ணீரையும் கக்கூஸுக்கு ஊற்றுகிற அம்மா. குடத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சாய்த்தாள். ஓட்டை குடுகுடுவென்று குடித்தது. அடுத்தது வாளி. அடுத்தது பால் பாத்திரம். ஒவ்வொன்றாக, சுவரைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல் கொட்டினாள். பைல்காரர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தும் காலியாயின. அம்மா சொம்புக்குக் கை நீட்டினாள்.

"குடுடி."

அவள் கொடுக்கத்தான் நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை. அம்மா இழுத்தாள், விளிம்பில் தண்ணீர் தளும்பி இருவர் கையிலும் வழிந்தது.

"விடுடி" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"ஏன் பாப்பா" என்றார் பைல்காரர். "ஒரு சொம்புத் தண்ணிதானே. கொட்டறதுக்கு என்ன?"

குப்பை வண்டிக்கும் நாய்க்கும் பதில் சொல்லிக் கொடுத்த சித்தி, இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. மேட்டில் பிறந்தவள் இந்த இடத்தில் என்ன சொல்லுவாள்?