ரோஸ்கோ பதியாத படம்

சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் 1969 அக்டோபரில் நடந்த வாடகை மறுப்பு ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ரோஸ்கோ டில்லரி, அந்த ஊர்வலத்தைப் பற்றிய ஆவணப்படத்தில் எங்குமே இல்லை. படத்தை எடுத்தவள் அவனுடைய தங்கை ஒடெஸா. அழகு நிலையத்தில் தலைவாரும் வேலை அவளுக்கு, கேமரா இரவல். ஜனவரியில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளைத்துணி கட்டி முதல் தடவை ஓட்டியபோது தெருவாசிகள் அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். ஊர்வலத்தின் முன்வரிசையில் மட்டும் ‘எலிகளிடம் வாடகை கேள்’ என்ற அட்டை, பிடிக்கக் கையில்லாமல், நெஞ்சுயரத்தில் நகர்ந்து போனது. கோஷம் ரோஸ்கோவின் குரலில் கணீரென்று கேட்டது.

படச்சுருளில் கோளாறு என்றாள் ஒடெஸா. இரண்டாவது பிரதியிலும் அப்படியேதான் இருந்தது. சலவைக்கடை வைத்திருந்த, வாடகைக்காரர் சங்கச் செயலாளர் கிளமென்ட் பௌட்ரிதான் முதலில் வாய் திறந்தார். “முகம் படத்துல விழலன்னா யாருக்குய்யா வசதி? கிரிம்ஷாவுக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறவனுக்குத்தான்.” கிரிம்ஷா அந்தத் தெருவின் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரன். அடுத்த ஞாயிறு முதல் தேவாலயத்தில் ரோஸ்கோ உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. முடிவெட்டுகிறவர் அவனைக் கண்டதும் கடையைச் சாத்தினார்.

ஒடெஸாவுக்கும் சந்தேகம் விடவில்லை. அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவன் பன்றிக்கறியும் காராமணியும் சாப்பிடுவதை அலமாரி இடுக்கில் வைத்த கேமராவில் பிடித்தாள். கழுவிப் பார்த்தால் முள்கரண்டி தானாக ஏறி இறங்கியது. நேரில் போய், கேமராவை ஒளித்து வைத்ததையும் சொல்லி, கிரிம்ஷாவின் ஆட்கள் யாரிடமாவது பேசுகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் நம்பவில்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

பிப்ரவரியில் கிரிம்ஷாவின் வக்கீல்கள் எப்படியோ ஒரு பிரதியைப் பிடித்துவிட்டார்கள். படத்தில் முகம் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் வீட்டைக் காலி செய்யும் வழக்கு வந்தது. ரோஸ்கோவுக்கு மட்டும் வரவில்லை. இனி என்ன சாட்சி வேண்டும் என்று தெரு ஒரே குரலில் கேட்டது. ஒடெஸாவும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டாள்.

நீதிமன்றத்தில் படத்தை ஓட்டினார்கள். யார் எவர் என்று அடையாளம் சொல்ல வக்கீலுக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் எழுந்தார். கிளமென்ட் பௌட்ரி. திரையருகே போய், விரலால் தொட்டுத் தொட்டு, இது மூன்றாம் மாடி, இது மூலை வீடு, கடைக் கண்ணாடியில் தெரிகிற இது படம் எடுத்தவள் என்று நிதானமாகச் சொன்னார். அட்டை கடந்தபோது அவர் விரல் அந்தரத்தில் தயங்கியது. அங்கே தொட ஒன்றுமில்லை.

வழக்கு தோற்று, அன்று மாலைக்குள் அந்தக் குடும்பங்களின் சாமான்கள் பனியில் கிடந்தன. ரோஸ்கோ தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முதல் ஆளாக எதிர்வீட்டுக் கிழவரின் மெத்தையைத் தூக்கி வந்தான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். இரண்டே அறைகள்தான். அத்தனை பேருக்கும் படுக்க இடம் இருந்தது, யாருடைய காலும் யார்மேலும் படவில்லை.

ஒடெஸா கடைசியாக வந்து வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, என்னையும் சேத்துத்தான் கேக்குறேன். எங்க மேல கோவமா?”

“ஊரு சந்தேகப்பட்டது இருக்கட்டும். சோறு போட்டுட்டே கேமராவ ஒளிச்சு வெச்ச பாரு, அது போகாது,” என்றான் ரோஸ்கோ. பிறகு, “குளிரு உள்ள வருது. வா,” என்றான்.

கோடையில் பள்ளிக்கூடத்துக்காக இன்னொரு ஊர்வலம் கிளம்பியது. எந்தக் கேமராவிலும் விழாத ஆள் முன்னால் போவதுதான் நல்லது என்று, பேச்சே இல்லாமல் ஒலிபெருக்கியை ரோஸ்கோவிடம் கொடுத்தார்கள். எதிர்ச்சாரியில் கிரிம்ஷாவின் ஆட்கள் நாள் முழுக்கப் படம் பிடித்தார்கள். ஒடெஸா அண்ணனிடம் அனுமதி கேட்டு, அவன் தலையசைத்த பிறகே மொட்டைமாடிக்கு ஏறினாள். படச்சட்டத்துக்குள் இடது பக்கம், அவன் நடக்க ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, கேமராவை ஓட விட்டாள்.