எண்பது நாள் கேட்ட முதல்வர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று ஐப்பசியில் தூத்துக்குடிக்குள் காலரா நுழைந்தபோது, வியாபாரிகள் கூடி நடத்திய ஒரு சின்னக் கல்லூரியின் முதல்வர் ஆவுடையப்பன் பெரிய தப்பொன்று செய்தார். உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, விடுதிப் பயலுவ அறுபது பேரும் ஒரே திறந்த கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கானுவ. அடுத்த தெருவுக்கு நோய் வந்தாச்சு. புதுக் கிணறு வெட்டி மூடி போட நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் எல்லாரையும் ஊசி போட்டு ஊருக்கு அனுப்பிருவோம்."

கல்லூரிச் செயலாளர் காசிலிங்கம் கருப்பட்டி மண்டிக்காரர். எந்த எண்ணைக் கேட்டாலும் பாதியாக மடிப்பது அவர் வழக்கம். தம் கல்யாணத்துக்கு ஜோசியர் சொன்ன முகூர்த்த நேரத்தையே குறைத்துக் கேட்டவர் என்று ஊரில் பேச்சு.

"இருபது," என்றார்.

"இருபது நாள்ல பாதிக் கிணறுதான் வரும், அண்ணாச்சி."

"பாதிக் கிணத்துல தண்ணி ஊறாதோ? பூட்டினா பயலுவ பாளையங்கோட்டைக் காலேஜுக்குப் போயிருவானுவ. போன வாடிக்கை திரும்புமா? இருபதுதான்."

வீட்டில் மனைவி அருணாசலவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "கத்தரிக்காய்க்காரிகூட எடுத்ததும் மெய் விலை சொல்லமாட்டா. நீங்களும் உங்க ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டுப் புத்தியும்! எம்பதுன்னு கேளுங்க. தானா நாப்பதுல வந்து நிப்பாக."

அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் நாற்பது நாளுக்கும் திட்டம் எழுதினார். ஆத்தூரிலிருந்து வெற்றிலை ஏற்றி வரும் வண்டிகள் வெறுமையாகத்தான் திரும்பும். பாடத்தாள் அவற்றில் ஊர் ஊராகப் போகட்டும். விடைத்தாள் வெற்றிலைக் கட்டோடு வரட்டும். சண்டைக்காலத்தில் காகிதம் ஏது? பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் இருக்கவே இருக்கிறது. கல்லூரி திறந்த பிறகு ஆளுக்குத் தனித் தம்ளர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்.

மறுநாள் காலை மண்டிக்குப் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம்பது நாள் வேணும், அண்ணாச்சி," என்றார். முப்பது என்பார், நாம் எழுபது என்போம் என்று படிப்படியாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"சரி," என்றார் காசிலிங்கம்.

"எம்பது..."

"காது கேக்குய்யா."

காசிலிங்கம் பேரம் பேசாமல் விடுவதென்றால்?

"நம்ம மண்டியில மூடை ஏத்துத செந்தூர்பாண்டி விடியக்காலம் காலராவுல போயிட்டான். நேத்து சாயங்காலம் இங்கன நின்னு என்கூட வழக்காடிட்டுப் போனவன்."

ஆவுடையப்பனுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நிசத்துக்கு நாப்பது போதும், அண்ணாச்சி."

"தெரியும். ஒரே ராத்திரியில இரட்டிச்சிருக்குன்னா வீட்டம்மா சொல்லிக் குடுத்திருக்காகன்னும் தெரியும். எம்பதே இருக்கட்டும். இந்த நேரத்துல கிணறு வெட்ட எவன் வருவான்? அது சரி, பயலுவ பாளையங்கோட்டைக்குப் பாயாம இருக்க என்ன வச்சிருக்கிய?"

ஆவுடையப்பன் தாளை நீட்டினார். காசிலிங்கம் இரண்டு தடவை படித்தார்.

"இதுல நாப்பது நாளுக்குத்தானே இருக்கு? மிச்சத்துக்கும் எழுதுங்க. பயலுவள ஏத்திட்டுப் போக வெத்திலை வண்டி அத்தனையையும் இன்னைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுதேன்."

மத்தியானம் ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு பையன்கள் பெட்டியோடு வந்தார்கள். பேச்சிமுத்து என்ற இரண்டாம் வருஷத்து மாணவன் தன் கைக்கு வந்த பாடத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், பாடம் ஊருக்கே வந்துரும்னா, இதுக்குப் பேரு லீவா?"

"ஏலே, ஏறு."

கடைசி வண்டி நகரும்வரை ஆவுடையப்பன் வெயிலில் நின்று தலைகளை எண்ணினார். அறுபது. எல்லோரும் தம் காலாலேயே நடந்துவந்து ஏறியிருந்தார்கள்.