பாகான் டாலாமில் கைமாறிய கண்ணாடி

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றுமே கேட்கவில்லை என்று சம்பந்தம் பேசிவைக்கிற நல்லம்மா அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

என் மகள் புஷ்பராணிக்கு வலது காது சரியாகக் கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. மற்றபடி பேங்க்கில் நல்ல வேலை, பார்க்க லட்சணம், வாய்தான் கொஞ்சம் அதிகம், அது என்னைக் கொண்டு. இருந்தாலும் வந்த சம்பந்தம் எல்லாம் அந்தக் காதில் வந்து முட்டி நின்றது. ஒரு வீட்டார் டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருக்கிற வீட்டையே எழுதித் தரச் சொன்னார்கள். பிறகு நாங்கள் எங்கே போய்ப் படுப்பதாம்? இந்தத் தவராஜா மட்டும் எப்படி ஒன்றும் கேட்காமல் சரி என்றான்?

"காதைப் பத்தி சொன்னீங்களா அக்கா? நல்லா விவரமா சொன்னீங்களா?"

"சொன்னேன் லா! அதெல்லாம் ஒரு விஷயமான்னு பையன் சிரிக்கிறான். உனக்கு நல்லது நடந்தாலும் குத்தம்தான்."

"துறைமுகத்துல கணக்கெழுதுற கிராணி வேலை, நல்ல சம்பளம், ஆளும் பாக்க நல்லாருக்கான். இவ்வளவு நாளா ஏன் யாரும் பொண்ணு குடுக்கல?"

அக்கா தேநீரை ஊதினாள். "ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை வேலை முடிஞ்சா பாகான் டாலாம்ல ஒரு வீட்டுக்குப் போவானாம். கையில ஒரு பெட்டியோட. பொம்மை காடி, குட்டிக் குட்டிக் கார், செய்யிற பழக்கமாம்."

"யார் வீடு?"

"ரொஸ்னான்னு ஒரு தையக்காரம்மா. புருஷன் கப்பல்ல."

புருஷன் கப்பலில்! அக்கா அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் பார்த்தீர்களா?

என் வீட்டுக்காரர் கனகசுந்தரத்திடம் சொன்னால், ஊர் வம்பு என்பார். அதனால் அடுத்த சனிக்கிழமை ஒரு ரவிக்கைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஃபெரி பிடித்து அக்கரையில் இருக்கிற பாகான் டாலாமுக்குப் போனேன். தவராஜாவின் படத்தை நான் பார்த்திருந்தேன். அவன் என்னைப் பார்த்ததில்லை. தையல்காரி வீட்டுக்கு ரவிக்கை தைக்க வருகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரொஸ்னாவுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. மூலையில் அவள் மாமியார் ஹபீபா பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் உட்கார்ந்திருக்கிற வீட்டில் தப்பு நடக்காது என்று மனது பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. ஏனென்றால் தையல் மிஷினுக்குப் பக்கத்து மேசையில் துணியே இல்லை. உள்ளங்கை அளவு காடிகள். கதவு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், மீன் முள்ளைப்போல் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறுப்புகள்.

"யாரும்மா இதெல்லாம் செய்யிறது?"

"நான்தான் அக்கா. எங்க வீட்டுக்காரரு யூசுப், கப்பல் ஜப்பான் போறப்பல்லாம் பிரிச்சு வச்ச காடி கிட் வாங்கிட்டு வருவாரு, நாமதான் சேத்து ஒட்டணும். நாங்க கொஞ்சப் பேரு மாத்திக்குவோம். ஒரு காடியோட டயர் இன்னொண்ணுக்குப் போகும், இதோட மூஞ்சி அதுக்குப் போகும். கைய தூக்குங்க."

"இந்த வயசுல பொம்மைக் கார் கட்டுது பாருங்க," என்றார் ஹபீபா பீவி. "போன வாரம் என் மூக்குக் கண்ணாடியக் கூடக் கழட்டிப் பாத்துச்சு, ஏதாச்சும் ஆகுமான்னு."

அந்த நேரம் தவராஜா வந்தான். படத்தில் இருந்ததைவிட உயரம். ஹபீபா பீவிக்குப் பணிவாக வணக்கம் சொன்னான். குறை சொல்ல முடியாது. நான் திரும்பி நின்று, என் ரவிக்கையின் கழுத்து எவ்வளவு இறங்கவேண்டும் என்று கவலைப்படுகிறவள்போல் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவன் நன்றாகத் தெரிந்தான்.

ரொஸ்னாவின் காடி ஒன்றுக்கு முன் கண்ணாடி வேண்டியிருந்தது. அவளுடையதில் பசை பட்டுப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டதாம். அவனுக்கு அகலமான டயர்கள் வேண்டும். அவள் என் அளவை எழுதிவைத்துவிட்டு டயர்களை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினாள்.

"தம்பி, மொதல்ல குறைய சொல்லிடறேன். இந்த டயர்ல உள்பக்கம் ஒரு வெட்டு இருக்கு. திருப்பிப் போட்டா தெரியாது. இருந்தாலும் பாத்துக்க."

எதற்குத் தானாகவே சொல்கிறாள் என்று எனக்கு வியப்பு. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வழக்கம் அக்கா. குடுக்கிறவங்கதான் குறைய சொல்லணும். வாங்குறவங்க தேடக்கூடாது."

தவராஜா டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அட, வெட்டு பெருசா இருக்கே அக்கா. அப்ப ஈடா அந்த ஸ்டியரிங்கையும் சேத்துக் குடுத்துருங்க."

"எடுத்துக்க, எடுத்துக்க."

ஸ்டியரிங்கை எடுத்துவர அவள் உள்ளே போனாள். அவன் பெட்டியிலிருந்து முன் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு மூக்கோரத்தை விரலால் அழுத்தித் துடைத்து, அதே விரலால் கண்ணாடியின் ஒரு மூலையை மெதுவாக நீவினான். சீ, என்ன பழக்கம் இது என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் திரும்பி வந்து கேட்டாள். "உன்னுதுல ஏதும் இருக்கா தம்பி?"

"ஒண்ணும் இல்ல அக்கா. சட்டத்திலேருந்து இப்பத்தான் வெட்டினேன். புத்தம் புதுசு."

அவன் போன பிறகு ரொஸ்னா கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். ஒட்டுவதற்கு முன்னால் எல்லா உறுப்பையும் கழுவுவார்களாம். துடைத்து ஜன்னல் பக்கம் பிடித்தவள் அப்படியே நின்றாள். மூலையிலிருந்து நடுவரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"பிசுக்கு ஒட்டியிருந்ததுல தெரியல போல," என்றாள் மெதுவாக. "தம்பி கவனிச்சிருக்க மாட்டான். கவனிச்சிருந்தா சொல்லிருப்பான்."

எனக்கு வாய் துடித்தது. சொன்னால் நான் யார் என்றும் சொல்லவேண்டி வரும். ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நல்ல சம்பந்தத்த விடுவியா? அவன் குடிக்கிறானா? சூதாடுறானா?"

"மூக்குப் பிசுக்கத் தடவி விரிசல மறைக்கிறான்! இன்னிக்கு உங்க பொண்ணோட காதுக்கு ஈடா ஒண்ணும் கேக்கல. தாலி ஏறின மறுநாள் ஸ்டியரிங் கேப்பான்."

"உன் கண்ணுக்கு எல்லாருமே திருடன்தான்."

புஷ்பராணி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் படம் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். பர்சில் வைத்திருந்தாள்.

"நீங்க பாத்தது உங்க கண்ணாலம்மா," என்றாள். "உங்க கண்ணுக்கு எது எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியும். ரவிக்கைய நானே போய் வாங்கிட்டு வரேன்."

தனியாகப் போகாதே என்றேன். போனாள். அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் முழுக்க நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். பருப்பு அடிபிடித்துவிட்டது.

திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அவரு வந்தாரு. என் படத்தப் பாத்திருப்பாரு போல, என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிருச்சு. நல்லாத்தான் பேசினாரு. நான் எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாக் கேக்கும்னு கேட்டு, அந்தப் பக்கம் வந்து உக்காந்தாரு."

எனக்கே ஒரு நிமிடம் மனது இளகியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அந்தக் கண்ணாடி மேசையில இருந்துச்சு. ரொஸ்னா அக்கா சமையல் கட்டுல இருந்தாங்க. இந்த விரிசல் எப்படி வந்துச்சுன்னு சும்மா கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிருக்கலாம். மறந்துட்டேன்னு சொல்லிருக்கலாம். நான் அதுக்கே சரின்னு இருந்திருப்பேன்."

"என்ன சொன்னான்?"

"குரலத் தாழ்த்தி, அந்த அக்காவுக்குக் கை நிதானம் பத்தாது, கழுவுறப்ப அவங்கதான் உடைச்சிருப்பாங்கன்னு சொன்னாரு."

வெளியே ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். என் வீட்டுக்காரர், "டயர், கண்ணாடி..." என்று ஏதோ தொடங்கி, முடிக்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

புஷ்பராணி எழுந்துபோய் நல்லம்மா அக்காவுக்கு போன் போட்டாள். நான் ரிசீவரைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். அந்தப் பக்கம் அக்கா கத்துவது எனக்கே கேட்டது. பலகாரத்துக்குச் சொல்லியாச்சு, ஞாயிற்றுக்கிழமை அவங்க வராங்க, இப்ப போய் வேணாம்னா அவங்களுக்கு நான் என்ன குறைன்னு சொல்ல?

"என் காதுல குறைன்னு சொல்லிடுங்க அக்கா," என்றாள் என் மகள். "அவருகிட்டதான் ஒண்ணும் இல்லியாமே."