வெள்ளைக் காளானைத் தின்றவர்கள்

வலைப்பக்கங்களைத் தேடல் முடிவுகளில் மேலே கொண்டுவருவதுதான் மெர்வியின் தொழில். தம்பரே நகரத்துச் செருப்புக் கடைகளுக்கும் படகு விற்பவர்களுக்கும் அதைச் செய்து பிழைத்தாள். காட்டில் காளான் பறிப்பவர்களின் சங்கத்துக்கு மட்டும் சும்மா செய்து கொடுக்கிறேன் என்றாள்.

சங்கத் தலைவர் உர்போ, ஆளைக் கொல்லும் வெள்ளைக் காளானைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருந்தார். தலைப்பு லத்தீனில் இருந்தது. தேடினால் நான்காம் பக்கத்தில் கிடந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் சமையல் குறிப்புகள்.

"தேடுற மெஷினுக்குப் போய்க் காக்கா பிடிக்கணுமா? நான் எழுதினதுல என்ன தப்பு?" என்றார் உர்போ.

"தப்பே இல்ல. யாரும் பாக்கலங்கிறதுதான் குறை. ஜனங்க என்ன தட்டுறாங்கன்னு நீங்களே பாருங்க."

அந்தப் பக்கம் எந்தெந்தத் தேடல்களில் எங்கோ பின்னால் தலைகாட்டியது என்ற விவரத்தைத் திறந்தாள். 'வெள்ளைக் காளான் தின்னுட்டேன் என்ன ஆகும்.' 'குழந்தை காளானைக் கடிச்சிட்டா.' 'வாந்தி நின்னுடுச்சு இனி பயமில்லையா.' கீழே போகப் போகப் பட்டியல் முடியவே இல்லை. செருப்பு அளவு தேடுகிறவர்களையே பார்த்துப் பழகிய மெர்வி, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தாள்.

"இத்தனை பேரா?" உர்போ கண்ணாடியைக் கழற்றினார். "நம்மகிட்டயா கேட்டாங்க?"

"நம்மகிட்டதான். நாமதான் வாயத் திறக்கல."

லத்தீனைக் கீழே தள்ளினார்கள். ஜனங்கள் கேட்ட கேள்வியே தலைப்பானது. முதல் வரியில், தின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று போட்டார்கள். மறுநாள் தேறிவிட்டது போலிருக்கும், நம்பாதீர்கள், விஷம் ஈரலுக்குள் வேலை செய்கிறது என்பது அடுத்த வரி. காட்டுக்குள் சிக்னல் குறைவான இடத்திலும் சட்டென்று திறக்கும்படி மெர்வி படங்களைச் சுருக்கினாள். உர்போ தனக்குத் தெரிந்த நூலகங்கள், நடைக் குழுக்களிடமெல்லாம் பேசி, அவர்களுடைய பக்கங்களிலிருந்து இதற்கு இணைப்புக் கொடுக்க வைத்தார்; இணைப்பு கூடக் கூடப் பக்கம் மேலே ஏறும் என்று மெர்வி சொல்லியிருந்தாள்.

கோடை முழுக்கப் பக்கம் அசையவே இல்லை. இலையுதிர்கால மழை வந்து காடெங்கும் காளான் முளைத்தபோது, மேலே ஏறத் தொடங்கியது. ஒரு காலை, எல்லாவற்றுக்கும் முதலில் நின்றது.

பிறகு சங்கத்துக்கு ஒரு போன் வந்தது. மெர்விதான் எடுத்தாள். சௌலி என்று ஒருவர், ஏரிக்கரைக் குடிலுக்குப் போனவர்.

"நானும் என் பொண்டாட்டி ரைலியும் அந்த வெள்ளைக் காளான வதக்கித் தின்னோம். ராத்திரி பூரா வாந்தி. மறுநாள் ரெண்டு பேருக்கும் நல்லாயிடுச்சு. நான் சவ்னாவுல நீராவிக் குளியல் போட விறகு அடுக்கிட்டு இருந்தேன். இவதான் எதுக்கும் பாப்போம்னு போன்ல தட்டினா. 'நம்பாதீங்க'ன்னு எடுத்த எடுப்புல இருந்துச்சு. அப்படியே ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கிளப்பிட்டோம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது: "ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில வைக்க முடியலன்னு சொல்லு!"

மெர்வி, "நீங்களே கேளுங்க" என்று உர்போவிடம் போனை நீட்டினாள்.

வீடு திரும்பும் டிராமில் எதிரே இருந்தவர்கள் குனிந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்று இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.